முனைவர் பட்ட ஆய்வுக்காக மதுரைக்கு வந்து நான்கு மாதங்கள்: யாரிடம், எதை, எப்படிக் கேட்பது?

கடலாடிக்காரி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் இராமநாதபுரம் மாவட்டம் கடலாடிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். பிறகு எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலேயே தாவரவியலில் இளங்கலையும் முதுகலையும் முடித்தேன். எங்கள் குடும்பத்தில் இவ்வளவு தூரம் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். நான்கு மாதங்களுக்கு முன் மதுரையில் ஓர் ஆய்வு மையத்தில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தேன். கண்மாய்களின் நீர்த்தாவரங்களும் அந்த நீரின் தன்மையும் என் ஆய்வுப் பொருள்.

மதுரை எனக்குத் தெரியாத ஊர் அன்று. திருவிழாவுக்கும், துணி எடுக்கவும், பெரிய மருத்துவமனைக்கும் சிறு வயதிலிருந்தே வந்து போன ஊர்தான். மாட்டுத்தாவணியில் இறங்கினால் எந்தப் பேருந்து எங்கே போகும் என்று சொல்லிவிடுவேன். ஆனால் இங்கே நான் வாழும் வாழ்க்கை எனக்குப் புதிதாக இருக்கிறது. முதுகலை வரை மணி அடித்தால் வகுப்பு, மணி அடித்தால் வீடு; என்ன படிக்க வேண்டும், எந்தத் தேதியில் தேர்வு என்பதை யாராவது சொல்லிவிடுவார்கள். இங்கே காலை ஒன்பது மணிக்கு ஆய்வகத்துக்குப் போகிறேன், மாலை ஐந்தரைக்கு விடுதிக்குத் திரும்புகிறேன். இடையில் என்ன செய்தாய் என்று அம்மா தொலைபேசியில் கேட்டால் சொல்வதற்கு எதுவும் இருப்பதில்லை.

போன மாதம் நடந்ததைச் சொன்னால் என் நிலை உங்களுக்கு விளங்கும். கண்மாய் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை வின்க்லர் முறையில் அளக்க வேண்டும். ஆய்வகத்தில் அதற்கென்று ஒரு மரப்பெட்டி உண்டு. 300 மில்லி கண்ணாடிப் புட்டிகளுக்கான குழிகளும், ஓரத்தில் இரண்டு சிறு குப்பிகளும் அதில் இருக்கும். வண்டியூர்க் கண்மாயில் காற்றுக்குமிழி இல்லாமல் கவனமாகத் தண்ணீர் பிடித்து, மூடி, நகரப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, ஆய்வகத்தில்தான் மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் சேர்த்தேன். பழுப்பு நிறத்தில் வீழ்படிவு வந்தது. அமிலம் விட்டதும் கரைந்தது. ஸ்டார்ச் சொட்டியபோது நீலமானது. தயோசல்பேட் ஒவ்வொரு சொட்டாக இறங்கி நீலம் மறைந்தது. எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே நடந்ததால் மூன்று வாரங்கள் அப்படியே அளந்து நோட்டில் எழுதினேன்.

நான்காவது வாரம் ஒரு மூத்த ஆய்வு மாணவர் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "கரையிலேயே ஃபிக்ஸ் பண்ணவில்லையா?" என்று கேட்டார். புட்டியில் உள்ள பாசியும் நுண்ணுயிர்களும் வழியெல்லாம் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே இருக்கும், வெளிச்சம் பட்டால் பாசி ஆக்சிஜனை விடவும் செய்யும். அதனால் அந்த இரண்டு கரைசல்களையும் தண்ணீர் பிடித்த இடத்திலேயே சேர்த்துவிட வேண்டுமாம். பெட்டியின் ஓரத்தில் இருந்த இரண்டு குப்பிகளும் அதற்குத்தான். மூன்று வார அளவீடுகளையும் நான் கோடு போட்டு அடிக்க வேண்டியதாயிற்று.

இந்தக் குப்பிகள் எதற்கு என்று முதல் நாளே எனக்குத் தோன்றியது. பக்கத்தில் நான்கு பேர் இருந்தார்கள். நான் கேட்கவில்லை. கேட்டால், இதுகூடத் தெரியாமலா ஆய்வுக்கு வந்தாய் என்று நினைப்பார்கள் என்ற பயம்தான் காரணம். நெறியாளரிடமும் இதே நிலைதான். அவர் நல்லவர், ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. ஆனாலும் அவர் அறை வாசலில் நின்று, உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்த நாட்களே அதிகம். இதைக் கடந்து வந்தவர்கள் எப்படிக் கடந்தீர்கள் என்று சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்.

நாகமலை அடிவாரம்

தங்கைக்கு வணக்கம். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, பட்டம் வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் பதிவைப் படித்தபோது என் முதல் ஆண்டு கண்முன் வந்தது. நான் இழந்தது மூன்று வாரங்கள் அன்று, ஏழு மாதங்கள். என் தலைப்பையே நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். முதல் டி.சி. (ஆய்வை மதிப்பிடும் டாக்டோரல் கமிட்டி) கூட்டத்தில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒரு கேள்வி கேட்ட பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன். எல்லாக் கேள்வியையும் நெறியாளரிடம் கொண்டுபோகக் கூடாது, எல்லாக் கேள்வியையும் மனத்திலேயே வைத்துக்கொள்ளவும் கூடாது. குப்பி எதற்கு, கரைசல் எங்கே, படிவத்தில் யார் கையெழுத்து என்பவையெல்லாம் மூத்த மாணவர்களிடம் கேட்க வேண்டியவை. அவர்கள் அதைச் சுமையாக நினைப்பதில்லை. பலருக்குத் தாம் கற்றதைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்ததே என்ற மகிழ்ச்சிதான் இருக்கும். தேநீருக்குப் போகும்போது கூடப் போங்கள். எங்கள் ஆய்வகத்தில் நான் கற்ற பாதி விஷயம் மாலை நான்கு மணித் தேநீர்க் கடையில் கற்றதுதான். பெண் பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் சேரத் தயங்குவார்கள் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை, இப்போது யோசிக்கிறேன். உங்கள் துறையில் மூத்த மாணவிகள் இருந்தால் அவர்களோடு மதிய உணவுக்கு உட்காருங்கள்.

நெறியாளரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு தாளில், இந்த வாரம் செய்தது இது, புரியாதது இது, அடுத்த வாரம் செய்ய நினைப்பது இது என்று எழுதிக்கொண்டு போங்கள். வாசலில் நிற்கும் அந்தப் பயம் தாள் கையில் இருந்தால் பாதி குறைந்துவிடும், ஏனென்றால் அவர் உங்கள் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்ப்பார்.

ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் தமிழ் வழியில் படித்தவர் என்பதால் சொல்கிறேன். ஆய்வுக் கட்டுரையை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினால் இரண்டாம் பக்கத்தில் மனம் விட்டுப்போகும். நான் முதலில் படங்களையும் அட்டவணைகளையும் பார்ப்பேன், பிறகு செய்முறைப் பகுதி, கடைசியில்தான் முன்னுரை. ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் தமிழில் ஒரு வரி எழுதுவேன். தமிழில் ஒரு வரி எழுத முடியவில்லை என்றால் அந்தப் பத்தி எனக்குப் புரியவில்லை என்று பொருள். நம் நாட்டு ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் தலைப்புக்கு நெருக்கமான இரண்டு மூன்று ஆய்வேடுகளின் செய்முறை அத்தியாயத்தைப் படித்தால், கரையிலேயே ஃபிக்ஸ் செய்வது போன்ற செய்திகள் அங்கேயே கிடைத்துவிடும்.

தறிச்சத்தம்

மேலே எழுதியவர் நல்ல மனத்தோடு எழுதியிருக்கிறார், ஆனால் கேளுங்கள் என்று சொல்வது எளிது. நான் கேட்டவன். முதல் மாதமே, கருத்தரங்க அறையில், எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். "எம்.எஸ்சி.யில் உனக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள்?" என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில். அந்த இடத்தின் பெயரையும் சொன்னவர் பெயரையும் இங்கே எழுத விரும்பவில்லை. அதன் பிறகு ஓராண்டு நான் எங்கும் வாய் திறக்கவில்லை. கேட்கத் தெரியாதது மாணவரின் குறை என்று மட்டும் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பதில் சொல்லும் இடமும் இருக்க வேண்டும்.

என்னைக் காப்பாற்றியது விதிமுறைகளைப் படித்ததுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஒவ்வொரு ஆய்வு மாணவருக்கும் ஆய்வு ஆலோசனைக் குழு ஒன்று இருக்க வேண்டும். மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் அதன் முன்னால் தம் பணியின் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். குறைந்தது 12 கிரெடிட் அளவுக்குப் பாடநெறி உண்டு, அதில் ஆய்வு அறம் பற்றிய பாடமும் அடங்கும். உதவிப் பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் 4 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், பேராசிரியர் 8 பேருக்கும் மேல் நெறியாளராக இருக்க முடியாது. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, நான் கேட்பது சலுகை அன்று, எனக்கு உரியது என்ற நிமிர்வு வந்தது. குழுக் கூட்டத்தில் எழுத்து வடிவில் கேள்வியை வைத்தேன். எழுத்தில் பதில் வந்தது. தங்கச்சி, நீங்களும் அந்த விதிமுறைகளை ஒரு முறை முழுமையாகப் படித்துவிடுங்கள்.

கரும்பலகை

இந்த இழையைக் காலையிலிருந்து மூன்று முறை படித்தேன். நான் மதுரையில் ஆசிரியராக இருப்பவன். பதினைந்து ஆண்டுகளாக ஆய்வு நெறியாளராகவும் இருக்கிறேன். தறிச்சத்தம் எழுதியதற்கு என்னால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. அப்படிப் பேசியவர்களை நானும் பார்த்திருக்கிறேன், அருகில் உட்கார்ந்து பேசாமல் இருந்தும் இருக்கிறேன். அது என் தவறு.

கடலாடியிலிருந்து வந்த மாணவிக்கு ஒன்று சொல்ல வேண்டும், அம்மா. நீங்கள் வாசலில் நின்று திரும்பிப் போவது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. மாணவர் கேள்வி கேட்கவில்லை என்றால், அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்றுதான் பெரும்பாலான நெறியாளர்கள் எடுத்துக்கொள்கிறோம். நம் ஊரில் பேசாமல் இருப்பதை மரியாதை என்று சொல்லி வளர்த்திருக்கிறோம். அதே அமைதி ஆய்வகத்தில் மாணவரையும் நெறியாளரையும் ஒரே நேரத்தில் ஏமாற்றிவிடுகிறது. என்னிடம் இருந்த ஒரு மாணவர் "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு ஒன்றரை ஆண்டுகள் இருந்தார். நான் அவரைத் திறமையானவர் என்று நினைத்து இன்னும் கடினமான வேலைகளைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் அவர் விடுதியைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார். தொலைபேசியில் அழைத்தால் எடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து நானே அவருடைய ஊருக்குப் போனேன். அவருடைய அப்பா திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு, "பையனுக்கு நீங்க சொல்றது ஒண்ணும் புரியலையாம், அதை உங்ககிட்டச் சொல்ல வெட்கமா இருக்காம்" என்றார். அந்த மாணவர் திரும்பி வந்தார், ஆய்வை முடித்தார். ஆனால் அந்த ஒன்றரை ஆண்டுகளை நான் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

அதன் பிறகு நான் ஒரு வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். புரிந்ததா என்று யாரையும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு நம் பிள்ளைகள் எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். நாளைக்குக் காலையில் முதல் வேலையாக என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறேன். அதற்கு வரும் பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். உங்கள் நெறியாளர் இப்படிக் கேட்காதவராக இருந்தால், நீங்களே போய், "சார், நாளைக்கு இதைச் செய்யப் போகிறேன், சரியா?" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு அரை நிமிட வேலை. தவறு இருந்தால் உடனே சொல்லிவிடுவார்.

அளவீடுகளைக் கோடு போட்டு அடித்தது பற்றியும் ஒரு சொல். நோட்டில் அடித்த பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். ஏன் அடித்தேன் என்று காரணத்தையும் தேதியையும் அதன் ஓரத்திலேயே எழுதி வையுங்கள். அதை மறைக்காமல் வைத்திருப்பதும் ஆய்வு அறத்தில் சேர்ந்ததுதான்.

மேலூர் வண்டி

நான் முதுகலை இரண்டாம் ஆண்டு, தினமும் மேலூரிலிருந்து வந்து போகிறேன். கல்வியைப் பற்றி மேலே பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். தங்குமிடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. முதல் ஆண்டு நானும் என் தோழியும் நகரத்துக்குள் வாடகை அறை தேடினோம். மூன்று வீடுகளில் அறையைக் காட்டுவதற்கு முன்பே நீங்கள் என்ன ஆட்கள் என்று கேட்டார்கள். என் தோழி பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். அன்றைக்குப் பிறகு நாங்கள் அறை தேடவே இல்லை. அவள் விடுதியில் இருக்கிறாள், நான் பேருந்தில் போகிறேன். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு அரசு விடுதிகள் உண்டு. முழுநேர ஆய்வு மாணவராக இருந்தால் ஆதிதிராவிடர் நலத்துறை வழியாகத் தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் உதவித்தொகையும் தருகிறது, வருமான வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் இளங்கலையோடு நின்றுவிடும் என்பதைத் தெரியாமல் முதுகலையில் அதை எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள்.

படிக்க இடம் இல்லை என்றால் புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, 2023 ஜூலையில் திறந்தது. விடுதி அறையின் சத்தம் இல்லாமல் நாள் முழுக்க உட்காரலாம். கண்மாய்தான் உங்கள் ஆய்வு என்றால் எங்கள் பக்கம் அரிட்டாபட்டிக்கு வாருங்கள் அக்கா. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்களே, அதே ஊர்தான். மலையடிவாரக் கண்மாய்களில் என்ன முளைக்கிறது என்று ஊர்ப் பெரியவர்கள் பெயரோடு சொல்வார்கள்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா

என் பிரச்சினை வேறு, ஆனாலும் இதே இழையில் எழுதுகிறேன். திருமணமாகி, மூத்த மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு ஆய்வுக்குச் சேர்ந்தேன். இரண்டாம் ஆண்டில் மகன் பிறந்தான். ஆய்வை விட்டுவிடு என்று வீட்டிலும் சொன்னார்கள், எனக்கும் அதுதான் சரி என்று தோன்றியது. மகப்பேறுக்கும் குழந்தைப் பராமரிப்புக்குமாக ஆய்வுக் காலம் முழுவதற்கும் சேர்த்து 240 நாட்கள் வரை விடுப்பு உண்டு என்பதையும், பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் தரப்படுகின்றன என்பதையும் என்னிடம் யாரும் சொல்லவில்லை. அலுவலகத்தில் வேறு ஒரு படிவம் வாங்கப் போன இடத்தில், அங்கிருந்த அம்மா ஒருவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார். நான் கேட்டிருந்தால் மூன்று மாதங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். அந்த மூன்று மாதங்களும் தூக்கமில்லாமல் போயின.

தங்கைக்கு இன்னொன்று. மாலை ஐந்தரைக்கு மேல் அறையில் தனியாக இருக்கும்போது மனம் கனத்துப்போகும் நாட்கள் வரும். அம்மாவிடம் சொன்னால் பயந்து ஊருக்கு வா என்பார்கள் என்று சொல்லாமல் இருப்போம். அந்த நாட்கள் தொடர்ந்து வந்தால், சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை என்றால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணுக்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். நான் அழைத்திருக்கிறேன்.

கடலாடிக்காரி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. இரவு விடுதி மொட்டை மாடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். தறிச்சத்தம் அண்ணனுக்கு நடந்தது எனக்கு நடந்திருந்தால் நான் அன்றே ஊருக்குப் பேருந்து ஏறியிருப்பேன். விதிமுறைகளைப் பதிவிறக்கிப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

நேற்று ஒரு தாளில் மூன்று வரிகள் எழுதிக்கொண்டு நெறியாளர் அறைக்குப் போனேன். உள்ளே வேறு ஒருவர் இருந்தார். திரும்பிவிடத்தான் கால் எழுந்தது. தாள் கையில் இருந்ததால் நின்றேன். அழைத்தார். மூன்று வாரம் தவறாக அளந்துவிட்டேன் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். அவர் அதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "காலையில் எத்தனை மணிக்குத் தண்ணீர் எடுக்கிறாய்?" என்று கேட்டார். பத்து மணிக்கு மேல்தான், பேருந்து கிடைப்பதைப் பொறுத்து நேரம் மாறும் என்றேன். பகலில் பாசி ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருப்பதால் நேரத்துக்கு நேரம் அளவு ஏறும், விடியும் நேரத்தில்தான் மிகக் குறைவாக இருக்கும், எனவே ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் எடுத்தால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும் என்று விளக்கினார். கரையில் சேர்த்திருந்தாலும் அந்த மூன்று வார எண்களை ஒப்பிட்டிருக்க முடியாது. ஆக, நான் செய்த தவறு இரண்டு. இரண்டாவது தவறு எனக்குத் தெரியவே இல்லை.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. விடியற்காலையில் கண்மாய்க் கரைக்குத் தனியாகப் போக விடுதியில் அனுமதி கேட்க வேண்டும். காப்பாளரிடம் எப்படிக் கேட்பது?

கரும்பலகை

நெறியாளரிடம் கள ஆய்வு என்று குறிப்பிட்டு, நாள், நேரம், இடம் போட்டு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், அம்மா. தனியாகப் போக வேண்டாம். துறையில் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள், கடிதத்தில் அவருடைய பெயரும் இருக்கட்டும். காப்பாளர்கள் மறுப்பது பெரும்பாலும் பொறுப்பு தங்கள் மேல் விழும் என்ற அச்சத்தால்தான்.

கடலாடிக்காரி (இழையைத் தொடங்கியவர்)

கடிதம் வாங்கிவிட்டேன், ஐயா. நோட்டைப் பார்த்துக் கேட்டாரே, அந்த மூத்த மாணவரின் ஆய்வகத் தோழி ஒருவர் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார், நான்தான் கேட்டேன். வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கிளம்புகிறோம். இரண்டு குப்பிகளையும் இப்போதே நிரப்பிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.